பெயர் தெரியாத சீமாட்டி: பழைய தைலவர்ண உருவப்படத்தை எப்படி வாசிப்பது?

லண்டனில் இருக்கிற என் மச்சான் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளைப் பட்டு உடுத்திய ஓர் ஆங்கிலப் பெண். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. பின்னால் இருண்ட பழுப்பு, சுற்றிவரப் பொன்முலாம் பூசிய சட்டம். கீழே விற்பனைக் குறிப்பு: "ஒரு சீமாட்டியின் உருவப்படம். சேர் ஜோசுவா ரெனோல்ட்ஸின் வட்டம். தைலவர்ணம், கன்வஸ், 30 × 25 அங்குலம். பின்துணி ஒட்டப்பட்டது. முன்னர் தனியார் சேகரிப்பில்." அதற்கும் கீழே மச்சானின் கேள்வி: "ஹோலிலை மாட்ட வாங்கலாமோ? எழுதிக் கிடக்கிறது ஒண்டும் விளங்கேல்லை." ரெனோல்ட்ஸ் என்பவர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பேர்பெற்ற உருவப்பட ஓவியர்.

இதே கேள்வி இங்கே யாழ்ப்பாணத்தில் மறுபக்கமாக வருகிறது. பழைய வீட்டை விற்க வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், சுவரில் தொங்கும் பூட்டனின் படத்தைக் காட்டி "இது என்ன விலை போகும்?" என்று கேட்கிறார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். படத்தில் இருப்பவர் யார், அந்தப் படம் யார் யார் கைகளுக்கு ஊடாக வந்தது என்று முதலில் பாருங்கள். அழகு, வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. ஏன் அப்படி என்று அந்தக் குறிப்பின் ஐந்து சிறு வாக்கியங்களை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் இந்த வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்: சொசைட்டி போர்ட்ரெய்ட். இங்கே சொசைட்டி என்றால் சமுதாயம் முழுவதும் அல்ல. ஒருவர் வீட்டு விருந்துக்கு மற்றவர் போய்வருகிற, பணமும் பட்டமும் உள்ள மேல்தட்டு வட்டம். அந்த வட்டத்தினர் கலியாணத்துக்கோ, பதவி கிடைத்ததற்கோ, பரம்பரைச் சொத்து கைக்கு வந்ததற்கோ ஓவியரை அமர்த்தி வரையச் சொன்ன படம்தான் இது. ஓவியர் தன் மனத்துக்குப் பிடித்த முகத்தை வரைந்ததல்ல, காசு கொடுத்தவர் தன்னை மற்றவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாரோ அப்படி வரைந்தது. பட்டு, முத்து, பின்னால் ஒரு தூண், மடிப்பு மடிப்பாக ஒரு திரைச்சீலை, மேசையில் ஒரு புத்தகம் எல்லாம் அந்த விருப்பத்தின் மொழி. நம் வீடுகளில் தலைப்பாகையும் கோட்டுமாகக் கதிரையில் கைவைத்து நிற்கும் பூட்டன்மாரின் ஸ்டூடியோப் படங்களைப் பாருங்கள். அங்கேயும் தூண், அங்கேயும் திரை. படப்பிடிப்பாளர்கள் அவற்றை இந்தத் தைலவர்ண ஓவியங்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தத் 'தைலம்'. தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எண்ணெயில் குழைத்த நிறம் எப்படிக் காயும்? தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போய்விடுமா? போகாது. சாமி அறையில் நாளும் நல்லெண்ணெய் விடுகிற குத்துவிளக்கை ஒரு மாதம் துலக்காமல் விட்டுப் பாருங்கள். தட்டின் விளிம்பில் வழிந்த எண்ணெய் முதலில் பிசுபிசுக்கும், பிறகு பழுப்பாகித் தோல் மாதிரிப் படியும், கடைசியில் நகத்தால் சுரண்டினாலும் வராது. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்ளே இழுத்து, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிட்டது. நல்லெண்ணெய் இதை அரைகுறையாகத்தான் செய்யும். ஆளிவிதை எண்ணெய் முழுதாகச் செய்யும். ஆகவேதான் ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மெல்லப் பூசினால் சில நாளில் தொடலாம், தடித்துப் பூசிய இடம் உள்ளே நன்றாக இறுக மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். அந்தத் தாமதம்தான் ஓவியரின் வசதி. கன்னத்தின் சிவப்பைத் தாடையின் நிழலோடு இழைத்துக் கரைக்க நேரம் கிடைக்கிறது. பட்டின் மினுக்கமும் முத்தின் ஈரமும் தைலவர்ணத்தில் அவ்வளவு உயிரோடு வருவது இதனால்தான்.

தைலவர்ணத்தை 15ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் வான் ஐக் கண்டுபிடித்தார் என்று பலர் இன்னும் சொல்வார்கள். அவர் அதை மிக உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பது உண்மை. ஆனால் ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், அவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய பௌத்தச் சுவரோவியங்களில் காயும் எண்ணெய் கலந்த வர்ணங்கள் இருப்பதை 2008 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் ஆசியக் கண்டத்துக்கு இதில் இருக்கும் பங்கு தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

30 × 25 அங்குலம் என்பதும் வெறும் அளவல்ல. இங்கிலாந்தில் கன்வஸ் வழமையான அளவுகளில்தான் விற்கப்பட்டது. 30 × 25 என்றால் தலையும் தோளும். 36 × 28 இல் ஒரு கையும் வரும். 50 × 40 இல் இடுப்புக்குக் கீழேயும் தெரியும். ஆளை முழுதாக நிறுத்தி வரைய 94 × 58. கூலியும் இந்த அளவின்படிதான். ரெனோல்ட்ஸ் தன் கடைசிக் காலத்தில் தலைக்கு 50 கினி (அந்தக்கால ஆங்கிலப் பணம்), 50 × 40 க்கு 100, முழு உருவத்துக்கு 200 என்று வாங்கினார். ஆக, மச்சான் அனுப்பிய சீமாட்டி அந்த விலைப்பட்டியலின் அடிப்படியில் இருக்கிறார். குடும்பம் வசதியானதுதான், ஆனால் மாளிகைச் சுவரை நிறைக்கும் அளவுக்கு அல்ல.

அந்தப் பெண்ணின் முகம் ஏன் அவ்வளவு வெளிறியிருக்கிறது என்றும் மச்சான் கேட்டிருந்தார். ரெனோல்ட்ஸ் வெளிச்சத்துக்கு நில்லாத ஒரு சிவப்பைக் கன்னங்களுக்குப் பயன்படுத்தினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய படங்களில் முகங்கள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. அவரைப் பார்த்து வரைந்தவர்களும் அதே சிவப்பைத் தொட்டிருக்கலாம். அந்தப் பெண் நோயாளியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

சரி, குறிப்பிலேயே மிக முக்கியமான சொல்லுக்கு வருவோம்: 'வட்டம்'. ரெனோல்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் மச்சானுக்கு ஆசை வந்துவிட்டது. ஏல உலகில் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் சின்னச் சொற்கள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. நமக்குப் பழக்கமான தவிலை வைத்துச் சொல்கிறேன். தெட்சணாமூர்த்தி வாசித்தது என்றால் அது ஒன்று. அவர் வாசித்திருக்கலாம், உறுதியில்லை என்றால் வேறு. அவரிடம் இருந்து கற்றவர் அவர் முன்னால் வாசித்தது, அதே காலத்தில் அவரைக் கேட்டுக் கேட்டு வாசித்தவர், ஐம்பது வருடம் கழித்து அவர் பாணியில் வாசிப்பவர், அவர் வாசித்த ஒன்றை அப்படியே திருப்பி வாசிப்பவர் — எல்லாவற்றிலும் அவர் பெயர் வரும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. ஓவியத்திலும் அதே படிகள்தான். வெறுமனே ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்று விற்பவர் சொல்கிறார். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் அநேகமாக அவருடையது. 'பட்டறை' என்றால் அவருடைய கூடத்தில் உதவியாளர்கள் செய்தது. 'வட்டம்' என்றால் அவர் காலத்தவர், அவருடைய செல்வாக்கு தெரிகிறது, ஆனால் அவர் அல்ல. 'பாணியில்' என்றால் பிற்காலத்தது. 'அவருக்குப் பின்' என்று வந்தால் அது நகல், எந்தக் காலத்திலும் செய்ததாக இருக்கலாம். கையொப்பத்திலும் இதே கவனம் வேண்டும். 'கையொப்பமிட்டது' என்பது ஒன்று, 'கையொப்பம் காணப்படுகிறது' என்பது வேறொன்று. இரண்டாவதில் அந்தக் கையொப்பத்துக்கு விற்பவர் பொறுப்பெடுக்கவில்லை.

பட்டறை என்பதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பெரிய ஓவியர்களே முகத்தை மட்டும் வரைந்துவிட்டு, உடையை வரைவதற்கென்றே இருந்த கைகாரர்களிடம் கன்வஸை அனுப்புவது வழக்கம். 1749 இல் இறந்த ஜோசப் வான் ஆக்கன் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். வேறு வேறு ஓவியர்களின் படங்களில் ஒரே மாதிரி மினுங்கும் பட்டுக்குக் காரணம் சிலவேளை அவருடைய ஒரே கைதான். முகம் ஒருவருடையது, பாவாடை மடிப்பு இன்னொருவருடையது என்றால் ஏமாற்று என்று நாம் நினைப்போம். அன்று அது தொழில் முறை.

பழமையை எப்படிச் சோதிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, படத்தைத் திருப்புங்கள் என்பதுதான். முன்பக்கம் பார்ப்பவர்களுக்காகச் செய்தது. பின்பக்கம் யாருக்காகவும் செய்யப்படவில்லை. கன்வஸை உள்சட்டத்தில் கறள் பிடித்த சின்ன ஆணிகள் பிடித்திருக்கிறதா, ஸ்டேப்ளர் கம்பியா? ஸ்டேப்ளர் என்றால் இருபதாம் நூற்றாண்டில் யாரோ கைவைத்திருக்கிறார். உள்சட்டத்தின் மூலைகளில் தட்டி இறுக்கும் மர ஆப்புகள் உண்டா? அவை 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான் பரவின. வர்ணக் கடையின் முத்திரை இருக்கிறதா? வின்சர் அண்ட் நியூட்டன் முத்திரை இருந்தால் படம் 1832 க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த நிறுவனம் தொடங்கியதே அந்த ஆண்டுதான். ஏல எண், பழைய சீட்டு, பென்சிலில் ஒரு பெயர், எதையும் துடைக்காதீர்கள், கிழிக்காதீர்கள்.

முன்பக்கத்துக்கு ஒரு போன் வெளிச்சம் போதும். இரவில் மின்குமிழை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை நேரே பிடிக்காமல் சட்டத்தின் ஓரத்தோடு ஒட்டிக் கிடையாகப் பிடியுங்கள். தூரிகை இழுத்த தடம், வெடிப்பு, கிழிந்து ஒட்டிய இடத்தின் மேடு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கடைகளில் காசுத்தாள் பார்க்கும் புற ஊதா ரோச்சை அடித்தால், பழைய பிசின் வார்னிஷ் இளம்பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் யாராவது பூசித் திருத்திய இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். வெள்ளை நிறமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். டைட்டானியம் வெள்ளை சந்தைக்கு வந்தது ஏறத்தாழ 1920 இல்தான். ஆய்வுகூடம் அதைப் பழைய சீமாட்டியின் பட்டில் கண்டால், அந்த இடம் பிறகு பூசப்பட்டது, அல்லது படமே பிந்தியது.

'பின்துணி ஒட்டப்பட்டது' என்ற நாலாவது வாக்கியத்தை மச்சான் கவனிக்கவேயில்லை. நான் அதில்தான் அதிக நேரம் நின்றேன். பழைய கன்வஸ் நைந்துபோனால் அதன் முதுகில் புதுத் துணியைப் பசையாலோ மெழுகாலோ ஒட்டிப் பலப்படுத்துவார்கள். படம் தப்பிக்கும், சரிதான். ஆனால் பழைய முதுகில் எழுதியிருந்த எதுவும் அந்தத் துணிக்குள் மறைந்துவிடும். யாரோ ஒரு தாயோ கணவனோ "இவள் இன்னாள், இத்தனையாம் வயதில்" என்று எழுதி வைத்திருந்தாலும் இனிக் கண்ணுக்குத் தெரியாது. 'ஒரு சீமாட்டி' என்று அந்தப் பெண் பெயரிழந்து நிற்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். பெயர் இல்லாத முகத்துக்குச் சந்தையிலும் விலை குறைவு. பெயர் தெரிந்தால் அதே படத்தின் விலை உயரும், அவருடைய ஊர் நூதனசாலையும் பரம்பரையினரும் தேடி வருவார்கள்.

பெயர் மறைந்துபோன இரண்டு புகழ்பெற்ற படங்களைச் சொல்கிறேன். அமெரிக்க ஓவியர் ஜோன் சிங்கர் சார்ஜெண்ட் 1884 இல் பாரிஸ் கண்காட்சியில் கறுப்பு உடையில் ஒரு பெண்ணின் முழு உருவத்தை வைத்தார். தோள்பட்டி ஒன்று நழுவிக் கிடந்தது. ஊர் கொதித்தது, குடும்பம் அவமானப்பட்டது. அவர் பிறகு அந்தப் பட்டியைத் தோளுக்கு மேலேற்றித் திருத்தினார். அவளை வரைந்த படத்தைப் பல ஆண்டு தன்னிடமே வைத்திருந்து, அவள் இறந்த பின் 1916 இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்கு விற்றார். அப்போது அவள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கும் அது 'மேடம் எக்ஸ்'. இது ஓவியரே போட்ட திரை.

மற்றது வேறு கதை. ஒஸ்திரிய ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1907 இல் வரைந்து முடித்த அடேல் புளொக்-பவரின் படம், தைலவர்ணத்தோடு பொன்னிலை ஒட்டியது. வியன்னாவின் யூதக் குடும்பம். 1938 இல் நாசிகள் வந்ததும் கணவர் தப்பியோட, சொத்துப் பறிபோனது. பறித்தவர்கள் அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தபோது அடேல் என்ற பெயரை எடுத்துவிட்டு, பொன் பின்னணியில் ஒரு சீமாட்டி என்றே காட்டினார்கள். யூதப் பெயர் வெளியே தெரியக்கூடாது. அடேலின் அக்காவின் மகள் மரியா ஆல்ட்மன் வழக்காடி, 2006 இல் படம் குடும்பத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு 13.5 கோடி டொலருக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கைமாறிய வரலாறு ஏன் ஒவ்வொரு ஆண்டாகத் தேடப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதும். ஐரோப்பாவிலிருந்து வரும் படத்துக்கு 1933 தொடக்கம் 1945 வரை எங்கே இருந்தது என்ற கேள்வியை எந்த நல்ல விற்பனையாளரும் தவிர்க்க மாட்டார். 'முன்னர் தனியார் சேகரிப்பில்' என்ற ஐந்தாவது வாக்கியம் அதற்கு விடையே அல்ல.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் ஊரோடு இடம்பெயர்ந்து செம்மணி வீதியால் நடந்தவர்கள் உறுதிப்பத்திரத்தையும் நகையையும் பிள்ளைகளின் சான்றிதழையும் எடுத்தார்கள். சட்டம் போட்ட பெரிய படத்தை யார் தூக்குவது? அடுத்த ஆண்டு மானிப்பாய் வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் ஹோலில் ஒரே ஒரு படம் மிஞ்சியிருந்தது, பூட்டியுடையது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. மற்றவற்றின் ஆணிகள் சுவரில் இருந்தன.

அந்தப் படத்தைத் 'தைலவர்ண ஓவியம்' என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது கண்மணியிலும் நெற்றி மயிரிலும் தூரிகைத் தடமே இல்லை, மங்கலான சாம்பல் நிறம் சீராகப் பரவியிருந்தது. சேலையிலும் அட்டியலிலும் மட்டும் நிறம் மேடாக இருந்தது. அது பெருப்பித்த புகைப்படத்தின் மேல் தைலவர்ணம் பூசியது. இங்கே 'ஓவியம்' என்று விற்க வருபவை பல இந்த வகைதான். இன்னொரு வகை, ஓவியம் போலவே மினுங்கும் அச்சுப்படம். ரவிவர்மா 1894 இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அப்படிப்பட்ட படங்கள் சாமி அறைகளை நிறைத்தன. கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேல்தோல் எங்கும் ஒரே மாதிரிச் சொரசொரப்பு, நிறம் மாறும் இடத்தில் தூரிகை திரும்பிய தடம் இராது. வகை தெரியாமல் விற்கவோ வாங்கவோ இறங்க வேண்டாம். வகை தெரிந்த பின் எங்கள் பூட்டியின் படம் எனக்குக் குறைந்துபோகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தயவுசெய்து ஒன்று செய்யாதீர்கள். மங்கிய படத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று சொல்வார்கள். பளபளக்கும், ஒரு கிழமைக்கு. தேங்காய் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய் மாதிரி ஒருநாளும் காயாது. வெடிப்புகளுக்குள் இறங்கி, புழுதியைப் பிடித்து, பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகும். உருளைக்கிழங்கு, பாண், சவர்க்காரத் தண்ணீர் எதுவும் வேண்டாம். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும், நிறம் உதிரும் படமென்றால் அதுவும் கூடாது. மாரி மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் சிறு தக்கை வைத்தால் காற்றுப் போகும், கறையானும் உடனே கண்ணில் படும்.

விற்பதென்று முடிவெடுத்தால், பழைய கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி தேவைப்படலாம். 1988 ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் அதற்காகவே இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தில் கேட்ட பிறகே பொதி கட்டுங்கள். லண்டன் ஏலத்தில் வாங்குபவர்கள், சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக் கட்டணம் பெரும்பாலும் கால்வாசியோ அதற்கு மேலோ வரும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மச்சான் விற்பனையாளருக்கு இரண்டு கேள்வி எழுதினார்: இந்தப் பெண் யார், எந்த வீட்டிலிருந்து வந்தார்? தெரியாது என்று பதில் வந்தது. அவர் வாங்கவில்லை. "அப்ப எங்கட பூட்டியின்ர படத்துக்குப் பின்னாலை என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு படத்தைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். பூட்டியின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வளவு எல்லாம் உடனே சொன்னார். நல்ல வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். மை ஊறும், ஒட்டுநாடாவின் பசை கறைபடும், அதனால் தாளை நூலால் சட்டத்தின் பின் கொளுக்கியில் கட்டுவதுதான் நல்லது. எந்த ஆண்டு எடுத்த படம் என்று கேட்டேன். பெரியம்மா பூட்டியின் கழுத்தில் விரலை வைத்தார்.

"இந்த அட்டியலை அழிச்சுத்தான் அம்மாவின்ர கலியாணத்துக்குச் செய்தவை. அது முப்பத்தினாலாம் ஆண்டு. அப்ப இது அதுக்கு முதல், மோனை."

தாளின் கடைசி வரியில் எழுதினேன்: 1934 க்கு முன்.